“உன் விசுவாசம் போதவில்லை” என்று சொல்லிவிட்டார்கள்

கேள்வி: ஐயா, நான் இரட்சிக்கப்பட்டு ஞானஸ்நானம் எடுத்துப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. தினமும் காலையில் ஒரு வாக்குத்தத்த வசனத்தை எடுத்துக்கொண்டுதான் நாளைத் தொடங்குவேன். ஒவ்வொரு ஜனவரியிலும் ஓராண்டு வேதவாசிப்புத் திட்டத்தை ஆரம்பித்து, லேவியராகமம் வந்ததும் நின்றுவிடுவேன். போன ஆண்டு என் தம்பி புற்றுநோயால் இறந்துபோனான். அவனுக்காக உபவாசித்து ஜெபித்தேன். எரேமியா 29:11ஐ எழுதி அவன் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்தேன். அடக்கம் முடிந்த பிறகு எங்கள் ஜெபக்குழுவில் ஒருவர், “அக்கா இன்னும் கொஞ்சம் உறுதியாக விசுவாசித்திருந்தால் கர்த்தர் சுகம் கொடுத்திருப்பார்” என்றார். அதிலிருந்து ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. விசுவாசத்தில் வளர நான் என்ன செய்ய வேண்டும்? உபதேசங்களை ஒழுங்காகப் படிக்கலாமா என்று நினைத்தேன். என் தோழியோ, “உபதேசம் சபைகளைப் பிரிக்கும், தலைக்கனத்தைத்தான் கொடுக்கும், அன்பு இருந்தால் போதும்” என்கிறாள். மறுபடியும் தேவனை நம்புவது எப்படி? அந்த ஜெபக்குழுவுக்குப் போகாமல் இருப்பது தவறா? — பெயர் வெளியிட விரும்பாத சகோதரி

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் நேராகக் கேட்காத கேள்வி ஒன்று கடிதம் முழுக்க இருக்கிறது. முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் விசுவாசம் குறைந்ததால் உங்கள் தம்பி இறக்கவில்லை. இதை உங்களைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. அப்படி ஒரு கணக்குப் போட வேதம் இடம் கொடுப்பதில்லை, அதனால் சொல்கிறேன்.

“உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது” என்று இயேசு சிலரிடம் சொன்னது உண்மைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நாயீன் ஊர் வாசலில் மகனைப் பறிகொடுத்து வந்த விதவையிடம் அவர் எந்த விசுவாசத்தையும் கேட்கவில்லை. அவளும் அவரிடம் எதையும் கேட்கவில்லை. அழுதுகொண்டு வந்தாள், அவ்வளவுதான் (லூக்கா 7). பெதஸ்தா குளத்தருகே 38 வருஷமாய் வியாதியாயிருந்தவன், சுகமான பிறகும் தன்னைக் குணமாக்கியவர் யாரென்று அறியாமல் இருந்தான் (யோவான் 5:13). இவர்களுடைய விசுவாசத்தை யார் அளந்து பார்த்தார்கள்?

மறுபக்கத்தையும் பாருங்கள். பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். அது நீங்கவில்லை, “என் கிருபை உனக்குப்போதும்” என்ற பதில்தான் வந்தது (2 கொரிந்தியர் 12). தன்னோடு ஊழியம் செய்த துரோப்பீமுவை வியாதியாய் மிலேத்துவில் விட்டுவந்ததாகத் தன் கடைசி நிருபத்தில் ஒரு வரியில் எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). விளக்கம் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போன தீமோத்தேயுவுக்கு, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். “உன் விசுவாசம் எங்கே போனது?” என்று கேட்கவில்லை. அப்போஸ்தலனைச் சுற்றி இருந்தவர்களுக்கே இப்படி என்றால், உங்கள் வீட்டுக் கட்டிலருகே நின்று யாரும் உங்கள் விசுவாசத்துக்கு மதிப்பெண் போட முடியாது.

யாக்கோபு 5:15ஐ உங்களிடம் காட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்: விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும். சரி, அந்த ஜெபத்தைச் செய்பவர்கள் யார்? அதற்கு முந்தின வசனத்தைப் படியுங்கள். சபையின் மூப்பர்கள். அந்த வசனத்தைத் தடியாக எடுத்து அடிப்பதென்றால் முதல் அடி ஜெபித்த மூப்பர்கள் மேல்தான் விழ வேண்டும். துக்கத்தில் இருக்கும் அக்கா மேல் அல்ல. யாக்கோபு யாரையும் அடிப்பதற்காக அதை எழுதவில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது நீங்கள் நேராகக் கேட்டதற்கு வருகிறேன். விசுவாசத்தில் வளர்வது எப்படி?

இதே கேள்வியைச் சீஷர்கள் இயேசுவிடம் கேட்டார்கள்: “எங்கள் விசுவாசத்தை வர்த்திக்கப்பண்ணவேண்டும்” (லூக்கா 17:5). அவர் அவர்களுக்கு ஒரு பயிற்சித் திட்டம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. கடுகுவிதையளவு விசுவாசம் இருந்தாலே போதும் என்ற பொருளில் பேசினார். அவர்கள் அளவைப் பற்றிக் கேட்டார்கள். அளவு ஒரு பொருட்டே இல்லை என்று அவர் காட்டினார். நடுங்கிக்கொண்டே பாலத்தைக் கடந்தவரும் பாடிக்கொண்டே கடந்தவரும் அக்கரை சேர்வது பாலத்தின் பலத்தால்தான். நடுங்கியவருடைய பயணம் கஷ்டமாக இருந்திருக்கும். அது உண்மை. ஆனால் பாலம் அவருக்கு மட்டும் மெலிந்துபோகவில்லை.

“அற்பவிசுவாசிகளே” என்று இயேசு கடிந்துகொண்ட இடங்கள் இருக்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கின்றன. படகில் அலறிய சீஷர்களை அப்படித்தான் கடிந்துகொண்டார். கடிந்துகொண்டு என்ன செய்தார்? எழுந்து காற்றையும் கடலையும் அதட்டினார் (மத்தேயு 8:26). உங்கள் விசுவாசம் அற்பமானது, ஆகவே மூழ்கிப்போங்கள் என்று சொல்லவில்லை.

ஆகவே என் முதல் ஆலோசனை, உங்கள் விசுவாசத்தை உற்றுப்பார்ப்பதை நிறுத்துங்கள். பதினோரு ஆண்டுகளாக நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் உங்களைத்தான்: இன்று எவ்வளவு படித்தேன், ஜெபத்தில் எவ்வளவு உருக்கம் இருந்தது, எவ்வளவு உறுதியாக நம்பினேன். விசுவாசம் தன்னைப் பார்த்து வளர்வதில்லை. தான் பற்றியிருப்பவர் யாரென்று தெரியத் தெரிய வளர்கிறது. நீங்கள் தனித்தனியாகக் கேட்ட மூன்று விஷயங்களும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. அவர் யாரென்று சொல்வது வேதம். வேதம் முழுவதும் அவரைப் பற்றிச் சொல்வதைக் கோர்வையாகச் சொல்வது உபதேசம். அப்படி அறிந்தவரிடம் உங்களையும் உங்கள் தம்பியையும் ஒப்புக்கொடுப்பது நம்பிக்கை.

சீர்திருத்தக் காலத்து இறையியலாளர்கள் விசுவாசத்தில் மூன்று இருப்பதாகச் சொல்வார்கள்: அறிவது, அது மெய் என்று ஒப்புக்கொள்வது, அவர்மேல் சாய்வது. முதல் இரண்டோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை யாக்கோபு 2:19 சொல்கிறது. பிசாசுகளும் விசுவாசிக்கின்றன, நடுங்கவும் செய்கின்றன. உங்கள் தோழி பயப்படுவது இந்த ஆபத்துக்குத்தான். அதில் நியாயம் உண்டு. ஆனால் முதல் இரண்டையும் தள்ளிவிட்டு மூன்றாவதை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. யாரென்று தெரியாதவர்மேல் எப்படிச் சாய்வது?

நீங்கள் கட்டிலுக்கு மேலே ஒட்டிய வசனத்தையே எடுத்துக்கொள்வோம். வலிக்கும் என்று தெரியும். ஆனாலும் அதைப் பேசாமல் இந்தப் பதில் முழுமையாகாது.

எரேமியா 29 ஒரு கடிதம். கி.மு. 597இல் பாபிலோன் ராஜா எருசலேமிலிருந்து சிறைபிடித்துக்கொண்டு போனவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பியது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி வருகிறான். இரண்டு வருஷத்துக்குள் கர்த்தர் பாபிலோனின் நுகத்தை முறித்துவிடுவார், சிறைப்பட்டவர்கள் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் கர்த்தரின் பெயரால் சொல்கிறான். கேட்டவர்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! எரேமியாவே, “ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக” என்கிறார். ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை. ஜனங்களைப் பொய்யை நம்பவைத்தாய் என்று அவன் முகத்துக்கு நேராக எரேமியா சொல்ல வேண்டியிருந்தது.

இந்த நிகழ்ச்சியைச் சொன்ன கையோடு 29ஆம் அதிகாரம் அந்தக் கடிதத்தைத் தருகிறது. வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள். ஏன்? சீக்கிரம் திரும்பப்போவதில்லை. 10ஆம் வசனம்: 70 வருஷம். அதற்கு அடுத்துத்தான் நமக்குத் தெரிந்த 11ஆம் வசனம் வருகிறது: “நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்... அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.”

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலானவர்கள் பாபிலோனிலேயே அடக்கம்பண்ணப்பட்டிருப்பார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்ட வாக்கு பொய்யா? இல்லை. அது ஒரு ஜனத்துக்குக் கொடுக்கப்பட்டது. தங்கள் கண்ணால் பார்க்க மாட்டோம் என்று தெரிந்தும் அதை நம்பித் தோட்டம் போட்டவர்கள் அவர்கள். இரண்டு வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்ற அனனியாவின் வார்த்தை கேட்க இனிமையாக இருந்தது. 70 வருஷம் என்ற வார்த்தை கசந்தது, அதுதான் கர்த்தருடையது.

நாம் என்ன செய்கிறோம்? எரேமியாவின் வசனத்தை எடுத்து, அனனியாவின் அர்த்தத்தை அதில் வைத்துவிடுகிறோம். வாக்குத்தத்த அட்டையில் அச்சடிக்கும்போது 10ஆம் வசனம் வெளியே நின்றுவிடுகிறது. அதற்காக உங்களைக் குறை சொல்லமாட்டேன், சகோதரி. உங்களுக்கு அப்படித்தான் கற்றுக்கொடுக்கப்பட்டது. அந்தத் தாளைக் கோபத்தில் கிழித்துவிடவும் வேண்டாம். அதைச் சொன்ன தேவன் உங்கள் தேவன்தான். அவருடைய நினைவுகள் உங்கள் குடும்பத்தின்மேலும் தீமைக்கானவை அல்ல. ஆனால் உங்கள் தம்பியின் நோய்க்கு அவர் குறித்துக்கொடுத்த தேதி அல்ல அது. அவர் கொடுக்காத வாக்கை அவர் மீறிவிட்டதாக இத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பிலிப்பியர் 4:13க்கும் இதே கதிதான். “எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு” என்று எழுதியவர் காவலில் இருந்தார். அந்த “எல்லாம்” என்ன என்பது அதற்கு முந்தின வசனத்தில் இருக்கிறது: திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும்.

அப்படியானால் எப்படி வாசிப்பது? ஒரு சின்னப் புத்தகத்தை ஒரே மூச்சில், முடிந்தால் வாய்விட்டு வாசியுங்கள். பிலிப்பியருக்கு எழுதின நிருபம் மொத்தமே 104 வசனங்கள். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். நாம் பார்க்கும் அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் வந்தவை. புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்கள் 1551இல் ஒரு கிரேக்கப் பதிப்பில்தான் முதன்முதலாக அச்சாயின. பவுலின் நிருபங்களைச் சபைகள் ஒரு கடிதமாக உட்கார்ந்து கேட்டன. தினம் ஒரு வசனம் என்று உதிர்த்து எடுக்கும் பழக்கத்துக்கு அவர் எழுதவில்லை. ஒரே புத்தகத்தை ஒரு மாதம் திரும்பத் திரும்பப் படித்தால், முதல் வாரம் கண்ணில் படாதவை மூன்றாம் வாரம் படும். படிக்கும்போது “எனக்கு இன்றைக்கு என்ன சொல்கிறார்?” என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளிவையுங்கள். “இங்கே தேவன் எப்படிப்பட்டவராக இருக்கிறார்?” என்று முதலில் கேளுங்கள். இந்த வரிசை மாறினால் வாசிப்பே மாறிவிடும்.

ஓராண்டுத் திட்டத்தைப் பற்றி: 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள், நாளுக்கு மூன்று அதிகாரத்துக்கும் மேல். சிலருக்கு அது ஒத்துவரும். உங்களுக்கு வராவிட்டால் பாவம் ஒன்றுமில்லை. இரண்டாண்டோ நான்காண்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிந்திப்போன நாட்களை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவசரமாக முடிப்பதில் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு இதுவரை புரிந்ததில்லை. லேவியராகமத்தில் நின்றுபோவதற்குக் காரணம், அது எதற்கு என்று தெரியாமல் உள்ளே போவதுதான். முதலில் அதன் 16ஆம் அதிகாரத்தை, பாவநிவாரண நாளைப் பற்றியதை மட்டும் படியுங்கள். அப்புறம் எபிரெயர் 9, 10 அதிகாரங்களைப் படியுங்கள். அதன் பிறகு லேவியராகமத்தின் முதல் அதிகாரத்துக்குத் திரும்புங்கள். இரத்தமும் பலிபீடமும் எதை நோக்கிப் போகின்றன என்று தெரிந்த பிறகு அந்தப் புத்தகம் அவ்வளவு வறட்சியாக இருக்காது.

இனி உபதேசம். உங்கள் தோழி சொல்வதுபோல, உபதேசத்தை வைத்து அடுத்தவரை மட்டம்தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் வேதபாட வகுப்புகள் எடுப்பவன்; அவர்களை நன்றாகவே தெரியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். “அக்கா இன்னும் கொஞ்சம் விசுவாசித்திருந்தால் தம்பி பிழைத்திருப்பான்” என்பதும் ஓர் உபதேசம்தான். தேவன் எப்படிச் செயல்படுகிறார், விசுவாசம் என்பது என்ன, நோய் ஏன் வருகிறது என்ற மூன்றைப் பற்றியும் அது தீர்ப்புச் சொல்கிறது. மூன்றும் தவறான தீர்ப்பு. உபதேசமே இல்லாமல் யாரும் இருப்பதில்லை. சோதித்துப் பார்த்த உபதேசம் இருக்கிறது, சோதித்துப் பார்க்காதது இருக்கிறது. உங்களைக் காயப்படுத்தியது இரண்டாவது வகை.

யோபுவின் சிநேகிதர்கள் அன்பில்லாதவர்கள் அல்ல. ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் துக்கத்தைக் கண்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாயைத் திறந்த பிறகுதான் வினை வந்தது. நீ கஷ்டப்படுகிறாய் என்றால் உன்னிடம் ஏதோ தப்பு இருக்க வேண்டும் என்று விதவிதமாகச் சொன்னார்கள். கடைசியில் கர்த்தர் அவர்களைப் பார்த்து, “நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை” என்கிறார் (யோபு 42:7). தன்னைப் பற்றித் தவறாகப் பேசியதைத்தான் அவர் குற்றமாக எடுத்துக்கொண்டார். அன்பு இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

எங்கே தொடங்குவது? பெரிய இறையியல் புத்தகங்களில் வேண்டாம். அப்போஸ்தலருடைய விசுவாசப் பிரமாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று பகுதிகள். ஒவ்வொரு வரிக்கும் வேதத்தில் எங்கே ஆதாரம் என்று தேடி ஒரு நோட்டில் எழுதுங்கள். அப்புறம் நிசேயா விசுவாசப் பிரமாணம்.

நிசேயாவில் கொஞ்சம் நின்று போக வேண்டும். 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்ற மூப்பர், குமாரன் சிருஷ்டிக்கப்பட்டவர், அவர் இல்லாதிருந்த காலம் உண்டு என்று போதித்தார். 325இல் நிசேயாவில் கூடிய சங்கம் அதை மறுத்து, குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்று அறிக்கை செய்தது. அதோடு சண்டை ஓயவில்லை. அந்த அறிக்கைக்காக நின்ற அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். 381இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கத்துக்குப் பிறகுதான் விஷயம் ஓரளவு நிலைப்பட்டது. பரீட்சைக்குப் படிக்கும் வரலாறு மாதிரி இருக்கிறதா? உங்கள் தம்பியின் கட்டிலருகே இதைக் கொண்டுவாருங்கள். ஆரியுஸ் சொன்னது சரியென்றால், சிலுவையில் துன்பப்பட்டது தேவன் அனுப்பிய வேறொருவர். தேவன் தூரத்தில் இருந்தபடி இன்னொருவரை அனுப்பிவிட்டார். நிசேயா சொன்னது சரியென்றால், தேவனே வந்தார். மனுஷருடைய வலியையும் மரணத்தையும் அவர் வெளியிலிருந்து கேள்விப்பட்டவர் அல்ல. இந்த இரண்டில் எது உண்மை என்பது உங்கள் துக்கத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயமா?

இயேசு மெய்யான தேவனும் மெய்யான மனுஷருமானவர் என்று 451இல் கல்கெதோன் சங்கம் வரையறுத்ததும் இப்படித்தான். லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தே அவன் கல்லறைக்கு வந்தவர், வந்து அழுதார் (யோவான் 11:35). இன்னும் சற்று நேரத்தில் சரியாகிவிடும் என்று அந்த அழுகையை அவர் தவிர்த்துவிடவில்லை. “விசுவாசி அழலாமா?” என்று யாராவது கேட்டால் இந்த வசனத்தைக் காட்டுங்கள்.

அதற்கு மேல் படிக்க ஆசை இருந்தால், ஒரு வினாவிடைப் புத்தகம் நல்லது. லூத்தர் 1529இல் குடும்பங்களுக்காகவே எழுதிய சிறிய ஞானோபதேசம் இருக்கிறது. 1563இல் வந்த ஹைடல்பர்க் வினாவிடையில் 129 கேள்விகள். 52 ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பிரித்துவைத்திருக்கிறார்கள். வாழ்விலும் சாவிலும் உனக்குள்ள ஒரே ஆறுதல் என்ன என்பதுதான் அதன் முதல் கேள்வியே. நான் எனக்குச் சொந்தமல்ல, இயேசு கிறிஸ்துவுக்குச் சொந்தம் என்பதுதான் பதிலின் சாரம். உபதேசம் தலைக்கனத்தைத்தான் கொடுக்கும் என்கிற உங்கள் தோழியோடு சேர்ந்து அதைப் படிக்கலாம். உங்கள் சபைப் பிரிவு வேறாக இருந்தால் போதகரிடம் கேளுங்கள். ஞானஸ்நானம், திருவிருந்து போன்றவற்றில் இந்தப் புத்தகங்கள் சொல்வதோடு உங்கள் சபை வேறுபடலாம்.

மறுபடியும் நம்புவது எப்படி என்றீர்கள். எபிரெயர் 11ஐ விசுவாச வீரர்களின் அதிகாரம் என்பார்கள். அதன் 34ஆம் வசனத்தில் விசுவாசத்தினாலே சிலர் பட்டயக்கருக்குத் தப்பினார்கள் என்று இருக்கிறது. மூன்று வசனம் தள்ளி, 37ஆம் வசனத்தில், வேறு சிலர் பட்டயத்தினால் வெட்டப்பட்டு மரித்தார்கள். தப்பினவர்களுக்கு அதிக விசுவாசம், வெட்டப்பட்டவர்களுக்குக் குறைந்த விசுவாசம் என்று அந்த ஆசிரியர் எழுதவில்லை. விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றவர்கள் என்று எல்லாரையும் சேர்த்தே சொல்கிறார். எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர், “விடுவிக்காமற்போனாலும்” உன் சிலையைப் பணியமாட்டோம் என்று ராஜாவிடம் சொன்ன மூன்று வாலிபரைப் பாருங்கள் (தானியேல் 3). அந்த “விடுவிக்காமற்போனாலும்” அவநம்பிக்கை அல்ல. முடிவை அவர் கையில் விட்டுவிட்டு அவரையே பற்றிக்கொள்வது அது.

கெத்செமனேயில் இயேசு, இந்தப் பாத்திரம் நீங்கும்படி செய்யும் என்று கேட்டார். பாத்திரம் நீங்கவில்லை. ஆனால் எபிரெயர் 5:7 அவருடைய ஜெபம் கேட்கப்பட்டது என்கிறது. சிலுவையிலிருந்து அல்ல, மரணத்துக்குள் போய் அதற்கு அப்பால் பதில் வந்தது. உங்கள் ஜெபமும் அப்படித்தான் என்று அவசரமாக முடிச்சுப் போட மாட்டேன். ஏன் உங்கள் தம்பி, ஏன் இந்த வயதில் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. ‘இதில் ஒரு நோக்கம் இருக்கும்’ என்று சொல்லி அந்த நோக்கம் என்னவென்றும் விளக்குகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். கேட்ட ஜெபம் கிடைக்காமல் போவதும் தேவனால் கேட்கப்படாமல் போவதும் ஒன்றல்ல என்பதை மட்டும் அந்த வசனத்திலிருந்து உறுதியாகச் சொல்வேன்.

ஜெபிக்க வார்த்தை வரவில்லை என்கிறீர்கள். வார்த்தை இரவல் வாங்குங்கள். சங்கீதங்கள் 150இல் பெரும் பங்கு புலம்பல்கள். 13ஆம் சங்கீதம் ஆறே வசனங்கள்: “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” என்று ஆரம்பிக்கிறது. கடைசி இரண்டு வசனங்களில் நம்பிக்கை வருகிறது. அந்த இரண்டும் இப்போது வாயில் வராவிட்டால் முதல் நான்கை மட்டும் ஜெபியுங்கள். அதுவும் முடியாத நாளில் 88ஆம் சங்கீதம் இருக்கிறது. அது கடைசிவரை விடியாமலே முடிகிறது. அப்படி ஒரு ஜெபத்தையும் தன் புத்தகத்தில் வைத்திருக்கிற தேவனிடம் நீங்கள் நடிக்க வேண்டியதில்லை. சிலுவையில் இயேசு ஜெபித்ததும் 22ஆம் சங்கீதத்தின் புலம்பல்தான். வியாதிப்பட்ட மகனைக் கொண்டுவந்த தகப்பன், “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று கண்ணீரோடு கத்தினானே (மாற்கு 9:24), அவனை இயேசு போய் முழு விசுவாசத்தோடு வா என்று திருப்பி அனுப்பவில்லை.

வளர்ச்சி தெரிகிறதா என்று தினமும் தோண்டிப் பார்க்காதீர்கள். மாற்கு 4இல் ஒரு சின்ன உவமை இருக்கிறது. மனுஷன் விதைக்கிறான், இரவில் தூங்கி, பகலில் எழுந்திருக்கிறான், அவனுக்குத் தெரியாத விதமாய் விதை முளைத்துப் பயிராகிறது. தூங்குவதும் அந்த உவமையில் ஒரு வேலைதான்.

தூக்கம் என்றதும் ஒன்றைக் கேட்க வேண்டும். இரவில் தூங்க முடிகிறதா? சாப்பிட முடிகிறதா? வாரக்கணக்கில் இரண்டும் கெட்டுப்போயிருந்தால், அல்லது வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். மனநல ஆலோசகர் தேவைப்பட்டால் அவரையும் பாருங்கள். எலியா சாக வேண்டுமென்று சூரைச்செடியின் கீழ் படுத்தபோது தேவதூதன் முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீரும்தான்; பிரசங்கம் அல்ல. மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அவரிடம் உங்கள் உடல்நிலையைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக அந்த ஜெபக்குழு. கொஞ்ச காலம் போகாமல் இருப்பது தவறல்ல. ஆனால் தனியாக இருந்துவிடாதீர்கள். ஞாயிறு ஆராதனையை விடாதீர்கள். பாட முடியாவிட்டால் பக்கத்தில் பாடுகிறவர்கள் பாடட்டும். திமிர்வாதக்காரனை நான்கு பேர் கட்டிலோடு தூக்கி வந்தபோது, இயேசு அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்று இருக்கிறது (மாற்கு 2:5). சுமக்கப்படுவதற்கும் சபையில் இடம் உண்டு. உங்களோடு சும்மா உட்கார்ந்திருக்கக்கூடிய ஒன்றிரண்டு பேர் யாரென்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அவர்களிடம் போங்கள்.

அந்த வார்த்தையைச் சொன்னவரிடம் நீங்கள் பேசியே ஆக வேண்டும் என்று இல்லை. அவரும் கேட்டதைத்தான் திருப்பிச் சொல்லியிருப்பார். மன்னிப்பு மெதுவாக வரட்டும். ஆனால் நடந்ததை உங்கள் போதகரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்தக் குழுவில் இன்னொரு வீட்டில் நோய் வரும். அப்போது அங்கே இப்படி ஒரு வார்த்தை எழுந்தால் அதை நிறுத்தத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். அவருக்கு இப்போதே விஷயம் தெரிந்திருப்பது நல்லது.